ஜெகதீஷுக்கு வந்த பிரஷர்

“உப்பு நெறைய சேத்துக்குவியா?” என்று கேட்டுவிட்டு, ரத்தினவேல் சார் மேஜைமேல் பிரித்து வைத்திருந்த மசாலா கடலைப் பொட்டலத்துக்குள் கையை விட்டார்.

“இல்லைங்க சார்,” என்றான் ஜெகதீஷ்.

“சிகரெட்டு?”

“அதெல்லாம் இல்லைங்க சார்.”

“நைட்டு தூங்கறதில்ல. எந்நேரமும் போனு. டின்னுல விக்கிறானே, அந்த எனர்ஜி தண்ணி.”

இவை கேள்விகள் இல்லை. சார் கடலையை மென்றபடி ஒரு தாளை அவன் பக்கம் திருப்பினார். ஜெகதீஷ், மெக்கானிக்கல் நான்காம் ஆண்டு, ரத்த அழுத்தம் 152/98. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

“என் வயசு ஆளுக்கு வர வேண்டிய நம்பருடா இது. எனக்கே இல்ல. உனக்கு வந்திருக்கு.”

ஜெகதீஷுக்குத் தலை சுற்றியது. பி.பி.யால் அல்ல. அந்த எண் அவனுடையதே அல்ல.

போன சனிக்கிழமை கல்லூரியில் ரத்தினவேல் சார் நடத்திய இலவச ரத்த அழுத்த முகாமுக்கு அவன் போகவே இல்லை. வேலையில் சேரும் நாளுக்கு ஷூ வாங்கப் பெங்களூருக்கு பஸ் ஏறியிருந்தான். ஓசூரில் இல்லாத ஷூவா? பார்டரைத் தாண்டி வாங்கினால் அது வேறு ஷூ, அவ்வளவுதான்.

போகும்போது ரூம்மேட் முனிவேலிடம் தன் பெயருக்கும் சேர்த்துக் கை கொடுத்துவிடச் சொல்லியிருந்தான். வகுப்பில் அடுத்தவன் பெயருக்குக் குரல் கொடுப்பது ப்ராக்ஸி என்றால், முகாமில் கை கொடுப்பதும் ப்ராக்ஸிதானே? சாயங்காலமே முனிவேல், ‘உன் பேருக்கு டிக் உழுந்துருச்சு’ என்று மெசேஜ் அனுப்பி, கூலியாக முட்டை பப்ஸ் கேட்டான். ஜெகதீஷ் இரண்டாக வாங்கிக் கொடுத்தான்.

இப்போது அந்த பப்ஸ் தின்ற கையின் பி.பி. இவன் தலையில் விழுந்திருக்கிறது.

உண்மையைச் சொல்லவும் வழியில்லை. அவனுடைய வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதத்தைத் தொட்டும் தொடாமலும் ஊசலாடிக்கொண்டிருந்தது. முகாம் நாளையும் வருகையாகச் சேர்த்ததால்தான் ஹால் டிக்கெட். “சார், நான் அன்னைக்கு வரவே இல்லை” என்று வாயைத் திறந்தால் பி.பி. இறங்கிவிடும். கூடவே ஹால் டிக்கெட்டும் இறங்கிவிடும்.

சார் விடவில்லை. சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனி ஒன்று ஜெகதீஷைத் தேர்ந்தெடுத்திருந்தது. மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. மூன்று வாரம் கழித்து, கம்பெனி ஆட்கள் முன்னிலையில், அதே நர்ஸை வைத்து மறுபடி பார்ப்போம் என்றார் சார். குறைந்திருந்தால் சேரும் லிஸ்டில் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்.

“நம்ம டிபார்ட்மென்ட்ல நாலு பேருக்கு இப்படி வந்திருக்கு. நாலு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே நம்பர். நாலும் கிளாஸுக்கு ஒழுங்கா வராத பசங்க. இதுல ஒரு விஷயம் இருக்குடா. கட் அடிக்கிறதுக்கும் பிரஷருக்கும் சம்பந்தம் இருக்கு. நான் கட்டுரையாவே எழுதப் போறேன்.”

அவருக்குப் பின்னால் சுவரில், முகாமில் மாணவர்கள் நூறு சதவீதம் கலந்துகொண்டதற்காக முதல்வர் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ் புதுக் கண்ணாடிச் சட்டத்தில் மின்னியது.

ஊரில் அப்பா வெள்ளைச்சாமி, பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். குடித்த டீயை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

வெளியே வந்ததும் ஜெகதீஷ் செய்த முதல் வேலை புத்திசாலித்தனமானது. தன் கையைத் தானே காட்டி நல்ல எண் ஒன்றை வாங்கிவிட்டால் தீர்ந்தது. கேன்டீனில் தெம்புக்கு ஒரு ஸ்ட்ராங் காபி குடித்தான். பதற்றத்துக்கு இன்னொன்று குடித்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மெடிக்கல் ஷாப் மத்தியானத்துக்குச் சாத்திவிடுவார்கள் என்பதால் ஓடினான். மூச்சு வாங்க நின்றபடியே கையை நீட்டினான்.

146/94.

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். ரூமில் ஒருத்தனுக்கு இருக்கிறது, அது எனக்கு ஒட்டிக்கொண்டது போல என்று சொல்ல ஜெகதீஷுக்கு வாய் வரவில்லை.

மத்திகிரியில் மாதம்மாள் வீட்டு மாடியில் இருந்தது அவர்கள் ரூம். முனிவேல் பாகலூர்க்காரன். அப்பா மாடு கன்று வைத்திருக்கிறார். களி தின்று வளர்ந்த உடம்பு, படுத்தால் ஜே.சி.பி. வந்துதான் எழுப்ப வேண்டும். இவனுக்கா பிரஷர் என்று ஜெகதீஷுக்கே பரிதாபமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, மெல்ல விஷயத்தைச் சொன்னான். பயப்படாதே, சீக்கிரம் கண்டுபிடித்தது நல்லதுதான் என்றும் சொன்னான்.

முனிவேல் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தான்.

“மச்சி, ஒன்னு சொல்றன், அடிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“நான் கை குடுக்கவே இல்லடா.”

“அப்பறம்?”

“ரெண்டாவது தடவ வரிசைல போயி நின்னன். ரத்தினவேல் சாரு பாத்துட்டாரு. ப்ராக்ஸி போடற நாய்ங்களான்னு காலரப் புடிச்சு வெளிய தள்ளிட்டாரு. சாயங்காலம் எட்டிப் பாத்தா உன் பேருக்கு நேரா டிக் இருந்துச்சு. சரி, சாமி புண்ணியம்னு உனக்கு மெசேஜ் போட்டன்.”

“பப்ஸு தின்னியேடா.”

“டிக் உழுந்துச்சில்ல?”

ஜெகதீஷ் நம்பவில்லை. பிரஷர் இருப்பவன் அதை ஒத்துக்கொள்ள மாட்டான் என்று சார்கூடச் சொல்லியிருந்தார். ஆனால் தன் 146 சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருந்தது. அது முனிவேலுடையது இல்லையே.

அப்போதுதான் அப்பாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது, ஒன்றுக்குப் பின் ஒன்றாக. உங்கள் மகனுக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று கல்லூரியிலிருந்து செய்தி போயிருந்தது. எடுத்துப் பேசினால் ஷூ வாங்கப் போன கதையும் வாயில் வந்துவிடும் என்று நினைத்த ஜெகதீஷ், குடும்ப குரூப்பில் எழுத்தாகவே அனுப்ப முடிவு செய்தான். டைப் அடிக்க ஆரம்பிப்பதற்குள் மறுபடி போன் அடித்தது. மைக்கைத் தட்டி வாயால் சொன்னான். போன் அதை எழுதிக்கொண்டே போனது.

“அப்பா பயப்பட ஒண்ணும் இல்ல. லேசாத்தான் கூடியிருக்கு. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

படித்துப் பார்க்காமல் அனுப்பினான். பின்னால் கட்டிலில் இருந்து முனிவேல் தன் பங்குக்குக் கேட்டுக்கொண்டிருந்ததையும் போன் விடாமல் எழுதியிருந்தது. அதனால் ஊரில் எல்லோரும் படித்தது இதுதான்: ‘அப்பா பயப்பட ஒண்ணும் இல்ல லேசாத்தான் கூடியிருக்கு ஆஸ்பத்திரில சேத்துக்குவாங்களா மச்சி எங்க பெரியப்பா இப்படித்தான் நல்லா இருக்கன்னு சொன்னாரு மறுநாள் கை கால் இழுத்துக்கிச்சு நான் நல்லாத்தான் இருக்கேன்’.

மறுநாள் விடிந்ததும் அம்மா கருப்பாயி மாடிப்படி ஏறி வந்தாள். ஒரு கையில் கட்டைப்பை. இன்னொரு கையில், ராத்திரி முழுக்க பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பீங்கான் ஜாடி.

“என்னய்யா இப்படி எளச்சுப் போயிட்ட?” என்றாள். ஜெகதீஷ் ஓசூருக்கு வந்தபின் எட்டு கிலோ கூடியிருந்தான்.

ஜாடியில் உப்பு நார்த்தங்காய் இருந்தது. வெயிலில் காயவைத்து, கல்லுப்பில் புரட்டி, வருஷக்கணக்கில் ஊறிக் கறுத்தது. பித்தம், மயக்கம், தலைசுற்றல், ரத்தக்கொதிப்பு என்று அவர்கள் தெருவில் எதற்கும் அதுதான் மருந்து. பிரஷருக்கு உப்பு ஆகாது என்று டீக்கடையில் யாரோ சொன்னதால், அம்மா சோற்றிலும் குழம்பிலும் ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. அந்தச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, மருந்தாக, வேளைக்கு இரண்டு துண்டு நார்த்தங்காய் வைத்தாள்.

“அம்மா, இதுவே உப்புதானம்மா.”

“இது உப்பு இல்லய்யா, நார்த்தங்கா.”

கூடவே மெடிக்கல் ஷாப்பிலிருந்து கையில் சுற்றிப் பார்க்கும் மெஷின் ஒன்றையும் வாங்கி வந்துவிட்டாள். அன்றிலிருந்து ஜெகதீஷ் பல் துலக்கினால் மெஷின், குளித்தால் மெஷின், தும்மினால் மெஷின். அது உஸ்ஸென்று காற்றை இழுக்கும்போதே அம்மா கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கூப்பிடுவாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தே இவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். முதல் நாள் 146. இரண்டாம் நாள் 148. அம்மா நார்த்தங்காயை மூன்று துண்டாக்கினாள். 151. நான்கு துண்டாக்கினாள்.

கீழே வீட்டுக்கார மாதம்மாள், தெலுங்கும் கன்னடமும் கலந்த தமிழில் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னாள். அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியில், பையன் காலையில் நடக்க வேண்டும் என்று இருந்தது. அடுத்த நாள் முதல் விடியற்காலையில், ஓசூர்க் குளிரில் காதுக்கு மப்ளர் கட்டி, கால்நடைப் பண்ணை மதில் ஓரமாக அம்மா மகனை நடக்க வைத்தாள். அவளும் பின்னாலேயே வந்தாள். பண்ணை மாடுகள் கம்பி வழியாக எட்டிப் பார்த்தன. ஜெகதீஷ் மறந்துபோய் ஓடினால், “ஓடாத, நட” என்று குரல் வரும். நின்றால், “நிக்காத, நட” என்று வரும். ராத்திரி ஒன்பது அடித்தால் போனைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு மாதம்மாள் வீட்டுக்குப் படுக்கப் போய்விடுவாள். எனர்ஜி டின் இரண்டு கட்டிலுக்கடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, நாலு நாள் அவனோடு பேசவில்லை. ஆனால் மெஷினை மட்டும் பேசாமலே சுற்றினாள்.

இவ்வளவு செய்தும் எண் இறங்கவில்லை. தட்டில் நார்த்தங்காயும் குறையவில்லை. மறுபரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. பெங்களூர் ஷூ அட்டைப்பெட்டியில் கிடந்து ஜெகதீஷை முறைத்தது. வேலை போனால் அப்பா அந்த டீக்கடைப் பக்கம் எப்படிப் போவார் என்று யோசித்தான். யோசித்ததற்கு மூன்று புள்ளி ஏறியது.

காப்பாற்றியது முனிவேலின் நாக்கு. வாழ்நாளில் அப்படி ஒரு நார்த்தங்காயை அவன் தின்றதில்லை. மாதம்மாள் கொடுக்கும் களிக்கும் அதற்கும் அப்படி ஒரு பொருத்தம். ஜெகதீஷ் குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஜாடியில் கை விட ஆரம்பித்தான். பிறகு ஜெகதீஷின் தட்டிலிருந்தே நேராக எடுத்துக்கொண்டான். ஜெகதீஷும் கண்டும் காணாதவன் போல இருந்தான். ஒரு வாரத்தில் ஜாடியின் அடி தெரிந்தது. மகன்தான் மருந்தை மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறான் என்று அம்மா பூரித்துப்போனாள்.

138. 130. 124.

“பாத்தியாய்யா? நார்த்தங்கா வேலயக் காட்டிருச்சு,” என்றாள் அம்மா. முனிவேல் அன்று ஆறாவது சொம்பு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

மறுபரிசோதனை கல்லூரி செமினார் ஹாலில் நடந்தது. ரத்தினவேல் சார் அதை ஒரு விழாவாகவே ஆக்கியிருந்தார். மேடையில் பேனர் கட்டி, கம்பெனி ஹெச்.ஆர். விமல்ராஜை முதல் வரிசையில் உட்கார வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் மிக்சரும் டீயும் கொடுத்தார். எல்லா வேலைக்கும் அவரே ஓடியதால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. போனும் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு வட்டம் போட்ட நாலு பேரும் மேடையோரம் நின்றார்கள், பலிக்கு வந்த ஆடுகள் மாதிரி. பின்வரிசையில் அம்மா காலி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராசியான ஜாடி.

நர்ஸ் ரூபா வந்தாள். முகாமுக்கு வந்த அதே ரூபாதான். சிரிக்காத முகம். ஒவ்வொருவரையும் நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொன்னாள். காலைத் தரையில் ஊன்றி, பேசாமல், கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொன்னாள். இத்தனை நாளில் யாரும் தன்னைச் சும்மா இருக்கச் சொன்னதே இல்லை என்பது ஜெகதீஷுக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் மூன்று பேரையும் பார்த்தாள். மூன்றுமே சரியான அளவு. நாலாவதாக ஜெகதீஷ். காற்று ஏறியது. கை இறுகியது. பின்வரிசையில் அம்மாவின் உதடு அசைவது தெரிந்தது. இவன் கண்ணை மூடிக்கொண்டு, மதில் ஓரம் எட்டிப் பார்க்கும் பண்ணை மாட்டை நினைத்தான். அந்த மாட்டுக்கு எந்தக் கவலையும் இல்லை.

“நூத்துப் பதினெட்டுக்கு எழுபத்தாறு,” என்றாள் ரூபா.

விமல்ராஜ் தாளில் டிக் அடித்துவிட்டு, பரீட்சை முடிந்த அடுத்த திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வந்துவிடச் சொன்னார். முனிவேல் விசில் அடித்தான். அம்மா ஜாடியைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜெகதீஷ் போனை எடுத்து மைக்கைத் தட்டி, இந்த முறை முனிவேலின் வாயை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு, “அப்பா, வேலை உறுதி, இன்னொரு ரவுண்டு டீ சொல்லுங்க” என்றான். போன் அதைப் பிழையில்லாமல் எழுதியது. அடுத்த நிமிஷமே ஊரிலிருந்து கும்பிடு போட்ட பொம்மைகளாக வந்து விழுந்தன.

ரத்தினவேல் சார் மைக்கைப் பிடித்தார். மூன்றே வாரத்தில் நாலு இளைஞர்களின் உயிரைத் தன் ஆலோசனை காப்பாற்றியிருக்கிறது என்றார். உப்பு, தூக்கமின்மை, பதற்றம், எந்நேரமும் போன் என்று காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வகுப்புக்கு மட்டம் போடுவது என்பதைத் தானே கண்டுபிடித்து, சேலத்தில் நடக்கும் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போவதாகவும் சொன்னார். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். ஒரு தடவை மிக்சர் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கூட்டம் கை தட்டியது. ஜெகதீஷும் தட்டினான். வேலை கிடைத்தவன் யாருக்கு வேண்டுமானாலும் தட்டுவான்.

சார் வியர்வையைத் துடைத்தபடி மேடையிலிருந்து இறங்கும்போது அம்மா எதிரில் போய் நின்றாள். தன் பிள்ளையின் நோயைக் கண்டுபிடித்துச் சொன்ன தெய்வம் என்று கும்பிட்டாள். பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். மூன்று வாரம் மெஷினையே பார்த்த கண்.

“சார், மொகமெல்லாம் செவந்து கெடக்கே. நீங்களும் ஒருக்கா பாத்துருங்களேன்.”

“எனக்கா? நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு மாத்திரை போட்டதில்லம்மா.”

“எம் பிள்ளைக்காக, சார்.”

விமல்ராஜ் சிரித்தபடி, நல்ல முன்னுதாரணமாக இருக்கும் என்றார். மாணவர்கள் ‘சார், சார்’ என்று குரல் எழுப்பினார்கள். சார் பெருந்தன்மையாகச் சட்டைக் கையை மடித்து, நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். ரூபா பட்டையைச் சுற்றினாள். அதற்குள் அவர் போன் அடித்தது. அவர் எடுத்துப் பேச ஆரம்பித்தார்.

மெஷின் உஸ்ஸென்று அடங்கியது. ரூபா எண்ணைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நாலு பையன்களையும் ஒருமுறை பார்த்தாள்.

“அதே நூத்தம்பத்திரெண்டுதான் சார்,” என்றாள், “அன்னைக்கு நூறு சதவீதம் ஆகணும்னு நீங்க நின்னீங்க, கை இல்லாம நம்பர் எழுத மாட்டேன்னு நான் சொன்னதுக்கு, வராத இந்த நாலு பசங்க பேருக்கும் யாருக்குன்னுகூடப் பாக்காம இதே மாதிரி போன் பேசிக்கிட்டே கைய நீட்டினீங்களே, அப்பவும் இதேதான் வந்துச்சு.”